டீச்சருக்குச் சம்பளம் கொடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டம் சொல்கிறது?

போன மாதம் மேரி கட்டடத்தைப் பற்றி எழுதியபோது அடுத்தது லிசே வாத்தியார்களைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது இருக்கட்டும். இன்று பழங்கதை வரவில்லை, கோபம்தான் வருகிறது. எழுபத்தைந்து வயதில் கோபப்பட்டால் ரத்த அழுத்தம் ஏறும் என்று வீட்டில் திட்டுகிறார்கள். எழுதிவிட்டால் இறங்கிவிடும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

பாகூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் நாங்கள் மாலைநேரப் படிப்பகம் ஒன்று நடத்துகிறோம். நாங்கள் என்றால் ஓய்வு பெற்ற ஐந்து பேர். நான் 2010-இல் ஓய்வு பெற்றேன். மறு வருடமே ஒரு டிரஸ்ட் பதிவு செய்து இதைத் தொடங்கினோம். முப்பது நாற்பது பிள்ளைகள், ஆறு மணியிலிருந்து எட்டரை மணி வரை. அந்த ஊரிலேயே படித்து டீச்சர் பயிற்சியும் முடித்த ஒரு பெண் பாடம் சொல்லிக்கொடுத்தாள். மாதம் 7,000 ரூபாய். ஐந்து பேரும் பென்ஷனிலிருந்து ஆளுக்கு 1,400 போட்டோம். கணக்கு எழுதுவது என் வேலை. வேறு எதற்கு நான் லாயக்கு?

2021-இல் கொரோனா எங்களில் ஒருவரைக் கொண்டுபோயிற்று. இன்னொருவர் பிள்ளையோடு பிரான்சுக்குப் போய்விட்டார். மூன்று பேரால் 7,000 போட முடியவில்லை. பென்ஷன் ஏறும் வேகத்தைவிட மருந்துக்கடை பில் ஏறும் வேகம் அதிகம். அப்போதுதான் யாரோ சொன்னார்கள், கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி, அதாவது சி.எஸ்.ஆர். பணம், நிறைய இருக்கிறதாம், கேட்டுப் பாருங்கள் என்று.

கேட்டோம். அதற்கு முன் ஒரு டிரஸ்ட் எத்தனை தாள் வைத்திருக்க வேண்டும் என்பது தனிக் கதை. வருமான வரித்துறையின் 12ஏ, 80ஜி, மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகத்தில் சி.எஸ்.ஆர்.-1 படிவம், மூன்று வருட வரவு செலவு. தாள் சேகரிப்பது முப்பத்தெட்டு வருடம் நான் செய்த வேலைதானே, சேர்த்துவிட்டேன். ஒரு கம்பெனி சம்மதித்தது. பெயர் வேண்டாம். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. வந்த இளைஞர் மரியாதையான பிள்ளை, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்.

எங்கள் விண்ணப்பத்தில் ஒரே ஒரு வரிதான். ஆசிரியை சம்பளம், வருடம் 84,000 ரூபாய், மூன்று வருடம். அந்தப் பிள்ளை அதைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“சார், சம்பளம் மட்டும் முடியாது சார். அட்மின் செலவு அஞ்சு பர்சென்ட்தான்னு சட்டத்துலயே இருக்கு. அதுவும் நாங்க ஒரு வருஷ ப்ராஜெக்ட்தான் எடுப்போம். வேற எதாவது கேளுங்க, தாராளமா செய்யலாம்.”

“வேற என்ன தம்பி கேக்குறது?”

“ஸ்மார்ட் கிளாஸ் கேளுங்க சார்.”

கேட்டோம். என் மேல்தான் தப்பு, சட்டத்தில் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், எங்கே இருக்கிறது என்று திருப்பிக் கேட்காமல் தலையாட்டினேன். ஒரு குமாஸ்தா செய்யக்கூடாத காரியம் அது. என் ரெஜிஸ்டரில் இருப்பதை அப்படியே தருகிறேன். தொடுதிரையும் கணினியும் 2,10,000. மேசை நாற்காலி 1,40,000. குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரம் 65,000. சுவருக்கு வண்ணம், அதன்மேல் ராக்கெட்டும் டால்பினும் 90,000. சுற்றுச்சூழலுக்காக 200 மரக்கன்றுகள், இரும்புக் கூண்டுடன், 80,000. பெயர்ப்பலகையும் திறப்பு விழாவும் 55,000. ஆக மொத்தம் 6,40,000 ரூபாய். டீச்சரின் ஏழரை வருடச் சம்பளத்துக்கு மேல்.

டீச்சர் அந்த விழாவில் குத்துவிளக்குக்குத் திரி போட்டாள். அடுத்த மாதம் என்னிடம் வந்து நின்றாள். “அய்யா, கோவிச்சுக்காதீங்க. நேரு வீதியில ஜவுளிக்கடையில பதினோராயிரம் தர்றாங்க. பஸ்ஸுக்குப் போக மிச்சம் நிக்கும்.” நான் என்ன சொல்ல? மூன்று மாதச் சம்பளம் பாக்கி வைத்திருந்தோம். நின்றபடி பேசியவளை உட்காரச் சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

இப்போது அந்தத் தொடுதிரை மேல் பழைய போர்வை ஒன்றைப் போட்டு வைத்திருக்கிறோம். பல்லி எச்சம் விழுகிறது. ஒரு கல்லூரிப் பையன் வாரம் இரண்டு நாள் வந்து பாடம் சொல்கிறான், அவனுக்குப் பரீட்சை வந்தால் அதுவும் இல்லை. வரும் பிள்ளைகள் பன்னிரண்டு பேர்.

மரக்கன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும், அதில் என் கையெழுத்து இருக்கிறது. மார்ச் 31-க்குள் பணம் செலவாக வேண்டும் என்று அந்தப் பிள்ளை தினமும் போன் செய்தார். பயன்பாட்டுச் சான்றிதழில் 200 கன்றுகள் நடப்பட்டன என்று மார்ச் 29-ஆம் தேதி போட்டுக் கையெழுத்து வைத்தேன். கன்றுகள் வந்தது ஏப்ரல் இரண்டாம் வாரம். சித்திரை வெயிலில் யாராவது கன்று நடுவார்களா? நட்டோம், போட்டோ எடுத்தார்கள். தண்ணீர் ஊற்ற ஆளுக்குக் கூலி கேட்டேன், அதற்கும் வழியில்லை என்றார்கள். இன்று உயிரோடு இருப்பவை பதினொன்று. பத்து, பள்ளிக்கூடக் குழாயடியில். ஒன்று டீக்கடை வாசலில், கடைக்காரர் கிளாஸ் கழுவிய தண்ணீரை அதில் ஊற்றுகிறார். மற்ற இடங்களில் இரும்புக் கூண்டு மட்டும் கம்பெனி பெயரோடு நிற்கிறது.

பொய்த் தேதி போட்டுக் கையெழுத்து வைத்தவன், ஊருக்கு நியாயம் சொல்கிறானா என்று கேட்பீர்கள். கேளுங்கள். மார்ச் மாதம் என்றால் என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். அரசு அலுவலகங்களில் பத்து மாதம் பீரோவில் தூங்கும் ஒதுக்கீடு, பிப்ரவரி கடைசியில் கண் விழிக்கும். தேவையில்லாத நாற்காலி வாங்குவோம், இருக்கிற ஸ்டாம்ப் பேடுக்கு மேல் இன்னும் நூறு ஸ்டாம்ப் பேடு வாங்குவோம். செலவு செய்யாவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும், அடுத்த வருடம் குறைத்துவிடுவார்கள் என்ற பயம். தனியார் கம்பெனி என்றால் அந்த நோய் இருக்காது என்று நினைத்திருந்தேன். அதே நோய், கொஞ்சம் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வருகிறது.

டீச்சர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. என் பேரனை உட்கார வைத்து, சட்டத்தையும் விதிகளையும் கணினியிலிருந்து அச்செடுத்துப் படித்தேன். நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். கொடி மாறும்போது எனக்கு நான்கு வயது, ஆனால் எங்கள் பள்ளியில் அதற்குப் பிறகும் பல வருடம் பிரெஞ்சுதான். தினமும் ‘திக்தே’ உண்டு. வாத்தியார் வாசிப்பார், நாங்கள் எழுத வேண்டும். ஐந்து தப்பு என்றால் சுழியம். ஒரு கமா விட்டால்கூட மிசே விடமாட்டார். தமிழை ஒழுங்காக எழுதப் பழகியது வேலைக்கு வந்த பிறகு, ஆங்கிலம் அதற்கும் பிறகு. ஆனால் எந்த மொழித் தாளாக இருந்தாலும் கமா கமாவாகப் படிக்கும் பழக்கம் அந்த மனிதர் கொடுத்தது.

படித்ததைச் சொல்கிறேன்.

2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, 2014 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகக் காரியங்களுக்குச் செலவிட வேண்டும். எதெதற்கு என்று ஏழாம் அட்டவணை சொல்கிறது. கல்வி உண்டு, சுற்றுச்சூழல் உண்டு, கிராம வளர்ச்சி உண்டு. இது தர்மம் இல்லை, கடமை. பிரான்சில் கம்பெனி விருப்பப்பட்டுக் கொடுத்தால், 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கொடுத்ததில் 60 சதவீதம் வரை வரியில் கழித்துக்கொள்ளலாம். அங்கே ஆசை காட்டுகிறார்கள், இங்கே கட்டாயம். கட்டாயத்துக்குச் செய்கிற காரியத்துக்கு ஏன் நாங்கள் மேடை போட்டுப் பொன்னாடை போர்த்தினோம் என்று இப்போது யோசிக்கிறேன்.

அந்த 5 சதவீதம் இருக்கிறதே, அது உண்மைதான். ஆனால் யாருடைய நிர்வாகச் செலவு? கம்பெனியின் நிர்வாகச் செலவு. இந்தப் பணத்தை நிர்வகிக்கக் கம்பெனி தன் அலுவலகத்தில் வைத்திருக்கிற ஆட்கள், அவர்கள் பயணம், ஸ்டேஷனரி, இவை மொத்தச் செலவில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒரு திட்டத்தை வகுக்க, நடத்த, மேற்பார்வையிட நேரடியாக ஆகும் செலவு இதில் சேராது என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. அதோடு நிற்கவில்லை. 2021 ஆகஸ்ட் 25 தேதியிட்ட, 14/2021 எண்ணுள்ள பொதுச் சுற்றறிக்கையில் அமைச்சகம் கேள்வி பதிலாக விளக்கம் கொடுத்திருக்கிறது. அதில் உதாரணம் சொல்லும்போது, கல்வித் திட்டங்களில் பள்ளி ஆசிரியர்களுக்கும் மற்றப் பணியாளர்களுக்கும் கொடுக்கும் சம்பளம் திட்டச் செலவிலேயே அடங்கும் என்று இருக்கிறது. ஆசிரியர் சம்பளம் என்றே இருக்கிறது! வேறு ஆயிரம் உதாரணம் இருக்க, எழுதியவர் எங்கள் டீச்சரை நினைத்து எழுதியது போல இருக்கிறது. படித்த அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அது சந்தோஷத்திலா வயிற்றெரிச்சலிலா, தெரியாது.

ஒரு வருடம்தான் என்றதும் சட்டமில்லை. தொடர் திட்டம் என்று அறிவித்தால் தொடங்கிய நிதியாண்டு போக மேலும் மூன்று வருடம் நடத்தலாம். மிஞ்சிய பணத்தை நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் அதற்கென்று ஒரு தனி வங்கிக் கணக்கில் போட்டு வைத்துச் செலவழிக்கலாம். அதாவது, சித்திரையில் மரக்கன்று நட வேண்டிய அவசியமே இல்லை. ஆடியில் நட்டிருக்கலாம்.

பிறகு தாக்க மதிப்பீடு என்று ஒன்று. வருடம் சராசரி 10 கோடியும் அதற்கு மேலும் செலவிட வேண்டிய பெரிய கம்பெனிகள், 1 கோடிக்குக் குறையாத திட்டங்களால் என்ன பலன் என்று வெளியாளை வைத்து ஆராய வேண்டும். நல்லது. அந்த ஆராய்ச்சிக்கு எவ்வளவு செலவிடலாம் தெரியுமா? 2022 திருத்தத்தின்படி மொத்தச் செலவில் 2 சதவீதம் அல்லது 50 லட்சம், இரண்டில் எது அதிகமோ அது வரை. பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டேன். 50 லட்சம் என்பது எங்கள் டீச்சருக்கு 59 வருடச் சம்பளம். பாடம் நடந்ததா என்று பார்க்க வருகிறவருக்குப் பணம் உண்டு, பாடம் நடத்துகிறவளுக்குக் கொடுக்கத்தான் கை வராது.

பெயர்ப்பலகைக்கு வருகிறேன். தன் பொருளுக்கோ சேவைக்கோ விளம்பரம் தேடி நன்கொடை கொடுத்தால் அது சமூகப் பொறுப்பில் சேராது என்பதும் விதி. எங்கள் படிப்பகத்தின் பெயர் ஓர் அடி, கம்பெனியின் பெயர் ஆறடி. விதியைப் படித்த பிறகு அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருகிறது.

நாங்கள் இருப்பது பாகூர் கொம்யூன் என்றேன் அல்லவா. ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன், பல்லவ அரசன் நிருபதுங்கவர்மன் காலத்தில், இதே பாகூரில் ஒரு வித்யாஸ்தானம் இருந்தது. அதற்குக் கொடுத்த தானத்தைச் செப்பேட்டில் வெட்டியிருக்கிறார்கள். என்ன கொடுத்தார்கள்? மூன்று ஊர்களை. அந்த ஊர்களின் வருவாயிலிருந்து கற்பிக்கிறவரும் கற்கிறவரும் சாப்பிட வேண்டும். அங்கே யார் படிக்கலாம், யார் வாசலுக்குக்கூட வரக்கூடாது என்பது வேறு சண்டை, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன். கொடுத்த முறையைப் பாருங்கள். கோயிலுக்கு நந்தா விளக்கு வைத்தவனும் விளக்கை மட்டும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. ஒரு விளக்குக்கு 96 ஆடு என்று கல்வெட்டுக்குக் கல்வெட்டு இருக்கிறது. ஆட்டின் நெய் விளக்குக்கு. ஆடு குட்டி போடும், மந்தை குறையாது, ‘சாவா மூவாப் பேராடு’ என்று அதற்குப் பெயர். மேய்க்கிறவனையும் அவன் பொறுப்பையும் சேர்த்தே எழுதி வைத்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது வெண்கல விளக்கு, எண்ணெய் இல்லை.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். பிரெஞ்சுக்காரன் காலத்தில் நம் கிராமங்களில் ‘சிந்திக்கா அக்ரிகோல்’ என்று சங்கங்கள் இருந்தன. நிலக்காரர்கள் பணம் போட்டு ஏரியையும் வாய்க்காலையும் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். அதுவும் பெரிய நிலக்காரர் ராஜ்யம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏரி என்பது ஒருமுறை வெட்டிவிட்டு ரிப்பன் கட்டுகிற பொருள் அல்ல, வருடா வருடம் மதகைப் பார்க்க ஒரு மனிதன் வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இப்போது குளம் தூர்வாரக் கம்பெனிப் பணம் வருகிறது. ஜே.சி.பி. வருகிறது, கரையில் பலகை வருகிறது. இரண்டு மழைக்குப் பிறகு வரத்து வாய்க்காலில் ஆகாயத்தாமரை. அதை எடுக்க எந்தத் திட்டத்திலும் ஆள் இல்லை.

கம்பெனிக்காரர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, நான் மறைக்கவில்லை. “சம்பளம் கொடுத்துப் பழக்கிவிட்டு மூன்று வருடத்தில் நாங்கள் போய்விட்டால் அந்த டீச்சர் கதி?” என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. ஆனால் இந்தக் கேள்வியை ஏன் தொடுதிரைக்குக் கேட்கவில்லை? கெட்டுப்போனால் பழுதுபார்க்க யார் என்று யாரும் கேட்கவில்லையே. மூன்று நான்கு வருடம் என்பது ஏழைப் பிள்ளைக்கு ஏழாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு. அதற்குள் ஒரு நாற்பது பேர் கரையேறிவிடுவார்கள். அதுவரை நாங்கள் வேறு கை தேடிக்கொள்கிறோம்.

இன்னொன்று சொல்வார்கள், ஆடிட்டர் ஒப்புக்கொள்ளமாட்டார் என்று. நாற்காலிக்கு பில் இருக்கிறது, எண்ணிப் பார்க்கலாம், போட்டோ எடுக்கலாம். சம்பளத்தில் ஏமாற்றலாம். ஏமாற்றுகிற டிரஸ்டுகளும் ஊரில் இருக்கின்றன, எனக்கே இரண்டு தெரியும். ஆனால் 7,000 ரூபாயை மாதா மாதம் அந்தப் பெண்ணின் வங்கிக் கணக்கில் நேரே போட்டால் அதைவிடச் சுத்தமான ரசீது எது? இறந்த மரக்கன்றை உயிரோடு இருப்பதாக என்னால் எழுத முடிந்தது. வங்கிப் பாஸ்புத்தகத்தில் அப்படி எழுத முடியாது.

நாடு முழுக்க வருடம் 25,000 கோடிக்கு மேல் இந்தப் பணம் செலவாகிறது. அதிலும் பெரும்பங்கு மகாராஷ்டிரம் போன்ற பெரிய மாநிலங்களுக்கு. ஆலை இருக்கும் ஊருக்கு முன்னுரிமை கொடு என்று 135-ஆம் பிரிவு சொல்கிறது, ஆனால் அது வழிகாட்டல்தான், கட்டாயமில்லை என்று அதே 2021 சுற்றறிக்கை சொல்கிறது. சேதராப்பட்டிலும் மேட்டுப்பாளையத்திலும் நம் காற்றையும் நிலத்தடி நீரையும் எடுத்துக்கொள்கிற ஆலைகளில் பலவற்றுக்குத் தலைமை அலுவலகம் வேறு ஊரில். முடிவு எடுக்கிறவர்கள் வாகூர் எது, வில்லியனூர் எது என்று அறியாதவர்கள். (வாகூர்தான் பாகூர், என் வயதுக்காரர்கள் அப்படித்தான் சொல்வோம்.)

மிஷன் வீதியில் கல்வே காலேஜ் கட்டடம் பக்கம் போகும்போதெல்லாம் கல்வே சுப்புராய செட்டியாரை நினைக்கிறேன். நம் ஊர்ப் பிள்ளைகள் படிக்க அவர் கொடுத்த கொடையில் எழுந்த பள்ளி அது. பிறகு சர்க்கார் ஏற்றுக்கொண்டது, வாத்தியார்களுக்குச் சம்பளம் வந்தது, பள்ளி நின்றது. அவர் பெயரும் நின்றது. ஆறடிப் பலகை மாட்டியதால் நின்ற பெயர் இல்லை அது.

நான் செய்திருப்பது இவ்வளவுதான். அந்தக் கம்பெனிக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். விதியையும் சுற்றறிக்கையின் அந்தக் கேள்வி பதிலையும் நகலெடுத்து, சம்பந்தப்பட்ட வரிக்குச் சிவப்பு மையில் கோடு போட்டு இணைத்தேன். மரக்கன்று பற்றி நான் போட்ட தேதி தப்பு என்பதையும் முதல் பாராவிலேயே எழுதிவிட்டேன். என் டிரஸ்டிகள் இருவருக்கும் அதில் வருத்தம். இனி நமக்கு ஒரு பைசா வராது என்றார்கள். இருக்கலாம். அந்த இளைஞருக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். “சார், இத நான் படிச்சதே இல்ல, மேல காட்டுறேன்” என்று போனில் சொன்னார். மூன்று வாரம் ஆயிற்று.

போன வெள்ளிக்கிழமை பேத்திக்குப் பாவாடைத் துணி எடுக்க நேரு வீதிக்குப் போனேன். டீச்சர்தான் துணி எடுத்துக் காட்டினாள். மூன்று மாதப் பாக்கி 21,000 ரூபாயை அடுத்த மாதத்திலிருந்து தவணையாகத் தருகிறேன் என்றேன். “அது கெடக்கட்டும் அய்யா, மீனவர் தெருவிலேர்ந்து வருமே அந்தப் பொண்ணு, இப்ப பின்னம் போடுதா?” என்று கேட்டாள். அந்தப் பிள்ளை படிப்பகத்துக்கு வருவதை நிறுத்தி ஆறு மாதம் ஆகிறது. நான் அதைச் சொல்லவில்லை.

உங்களில் யாராவது இதுபோல ஒரு படிப்பகமோ நூலகமோ நடத்திக்கொண்டு, சம்பளம் தர சட்டத்தில் இடமில்லை என்ற பதிலைக் கேட்டிருந்தால், எனக்கு எழுதுங்கள். கோடு போட்ட நகலை அனுப்பி வைக்கிறேன். தபால் செலவு என்னுடையது.